பாலைப்பழமும் ஓர் ஆங்கில வினைச்சொல்லும்

படித்த சொல்லை மறுநாளே பாவித்துப் பார்க்கிறவனைப் போல ஆபத்தானவன் வேறு யாருமில்லை. நான் அப்படியொருவனாக இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஞாயிறுகளில் வவுனியாவில் ஆங்கில வகுப்பு. மற்ற நாட்களில் கனகராயன்குளத்தில், ஏ9 வீதியோரம் பாலைப்பழ வியாபாரம். (வியாபாரம் என்றால் ஒரு மேசை, ஒரு குடை, ஒரு பனையோலைக் கடகம்.) பத்தடி தள்ளிச் சுகந்தியின் மேசை. காலையில் பழத்தை இறக்கியதும் அவள்தான் கேட்பாள்: "இண்டைக்கு என்ன விலை சொல்லுவம்?" இருவரும் கதைத்து ஒரே விலை வைப்போம். ஐந்து நிமிடத்தில் முடிகிற கதையை நான் அரை மணித்தியாலம் இழுப்பேன். உண்மையில் நான் வீதிக்கு வந்ததே அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான்.

ஒரு ஞாயிறு, ஆங்கிலம் படிப்பிக்கிற சேர் 'அண்டர்கட்' என்ற வினைச்சொல்லைச் சொல்லித்தந்தார். போட்டிக்காரனைவிட விலையைக் குறைத்து அவனுடைய வாடிக்கையாளரைப் பிடிப்பதாம். "பெரிய கொம்பனியள் எல்லாம் இப்பிடித்தான்," என்றார். எனக்குப் புல்லரித்தது. சுகந்தியின் கண்முன் ஒரு கொம்பனியாக நிற்க ஆசை வந்தது. (அந்தப் போட்டிக்காரனே அவள்தான் என்பது மண்டையில் ஏறவில்லை.)

திங்கள் காலை அவளோடு விலையை ஒத்துக்கொண்டுவிட்டு, மட்டையில் பாதி விலையை எழுதித் தொங்கவிட்டேன். சனம் குவிந்தது. அதிலும் ஹெல்மெட் கழற்றாத ஒருவர் மூன்று தரம் வந்து அள்ளிக்கொண்டு போனார். பாவம், ஏதோ அவசரம் என்று நினைத்தேன். பழம் போட்டுக் கொடுக்கிற சரை சுற்றக் கடதாசி தீர்ந்ததும் ஆங்கிலக் கொப்பியையே கிழித்தேன். பத்து மணிக்குக் கடகம் காலி.

பெருமையோடு எட்டிப் பார்த்தால், சுகந்தியின் மேசையில் பழம் குறையவேயில்லை. சரைகளில் என் கையெழுத்து: ஐ அண்டர்கட், யூ அண்டர்கட். பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வியர்வை துடைத்தவர் அவளுடைய அண்ணன்.

"இது ஒரு வியாபார முறை... இங்கிலீசில..." என்று தொடங்கினேன்.

"என்னட்ட ஓமெண்டு சொல்லிப்போட்டு ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்றாள் சுகந்தி.

அண்ணன்தான் ஆறுதலாகக் கேட்டார்: "தம்பி, நாளைக்கும் குறைப்பீங்களோ? நான் ட்ராக்டர் கொண்டு வாறன்."

அடுத்த வருடம் அவள் கலியாணம் கட்டி மன்னாருக்குப் போய்விட்டாள். பிறகு எனக்கும் கலியாணம் நடந்தது. இந்தக் கதையை என் மனைவி வருகிற போகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். சந்தையில் நான் பேரம் பேச வாய் திறந்தால் பிள்ளைகள், "அப்பா, ட்ராக்டர் வருது!" என்று கத்துவார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பாலைப்பழம் பழுக்கிற மாதங்களில் அந்தக் காலை அரை மணித்தியாலத்துக்காக மனம் ஏங்கும். அதை வீட்டில் சொல்வதில்லை.

போன கிழமை சின்னவள் கேட்டாள்: "நீங்கள் அந்த அன்ரியிட்ட சொறி சொல்லேல்லையோ அப்பா?"

"சொன்னனான்."

"அவா என்ன சொன்னவா?"

"பரவாயில்லை எண்டவா."

சின்னவள் திருப்தியோடு விளையாடப் போய்விட்டாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்ட ஒருத்தியோடு அதற்குமேல் என்னத்தைக் கதைப்பது? காலையில் விலை கேட்பதை அவள் விட்டுவிட்டாள்; அந்தப் பருவம் முழுக்கப் பத்தடி தூரத்தில் இருந்து யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.