அத்திம்பேர் உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டியது

ஸ்ரீ:

திருப்பதி,
செவ்வாய்க்கிழமை காலை

சித்தூர் கட்டமஞ்சியில் எழுந்தருளியிருக்கும் அத்திம்பேர் திருவடிகளில் அடியேன் தோதாத்ரி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் பெருந்தேவியும் சௌக்கியம். தேவரீருடைய சௌக்கியத்தைப் பற்றித்தான் முந்தாநாளிலிருந்து எனக்கு ஒரே கவலை. ஆகவே மற்ற உபசாரங்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடிதம் கைக்கு வந்தவுடன், அக்காவிடம் சொல்லி, அளவாக உப்புப் போட்ட மோர்சாதம் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அதற்கப்புறம் மேலே படிக்கும்படி பிரார்த்திக்கிறேன்.

சாப்பிட்டாயிற்று என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். வைகாசி உற்சவத்துக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது, உங்களைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, உப்பு விஷம், அரிசி அதைவிட விஷம், இரண்டையும் விட்டால்தான் பிழைப்போம் என்று ஒரு மத்தியானம் முழுக்க நான் பிரசங்கம் செய்தேன் அல்லவா, நீங்களும் பெரிய மனசோடு கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா, அதில் ஒரு வார்த்தையைக்கூட தயவுசெய்து கடைப்பிடிக்க வேண்டாம். முந்தாநாள் மாதவி ஏர்பேட்டிலிருந்து போன் செய்தவள், பேச்சோடு பேச்சாக, "அப்பா, அத்திம்பேர் இப்பல்லாம் சரியாவே சாப்பிடறதில்லையாம், தட்டைப் பாத்துண்டு உக்காந்திருக்காராம், அத்தை சொன்னா" என்றாள். மகள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எல்லாம் என் பிரசங்கத்தின் விளைவு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. போன் போட்டே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குப் போனில் காது கேட்காது, அக்காதான் எடுப்பாள், உங்களைப் பட்டினி போட்டவன் தன் தம்பிதான் என்று தெரிந்தால் அவள் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிடுவாள். தவிர, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், எனக்குக் கடிதத்தில்தான் நம்பிக்கை.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசமாக உடம்பு பார்த்தார்கள். பெருந்தேவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஸுப்ரஜா என்று ஒரு டாக்டர், புத்தலப்பட்டுப் பக்கத்துப் பெண், நல்ல தமிழ் பேசுகிறாள். எங்கள் இருவருக்குமே ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றாள். ஊறுகாயும் அப்பளமும் தினப்படி வேண்டாம், உப்பைக் குறையுங்கள், சாதத்தைக் கொஞ்சம் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள், தினமும் அரைமணி நேரம் நடங்கள், வேளைக்குத் தூங்குங்கள், அடுத்த மாதம் வந்து காட்டுங்கள் என்றாள். பெருந்தேவி சரி என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் கீரை வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. என் தகப்பனார் ஒரு நாளும் படுக்காதவர், பூஜையிலிருந்து எழுந்து வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தவர் அப்படியே போனார். அவர் போன வயது எனக்கு இந்த ஆவணியில் வருகிறது. அப்படிப்பட்டவனைப் பார்த்து ஒரு டாக்டர் வெறும் கீரையும் நடையும் போதும் என்று சொன்னால், ஏதோ பெரிதாக இருக்கிறது, முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றுதானே அர்த்தம்.

அதனால் டாக்டர் சொல்லாமல் விட்டதையெல்லாம் நானே விசாரித்துத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டேன். காலையில் மைதானத்தில் நடக்கிறவர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற சுரேஷ்பாபு, அரிசியைத் தொடாதே என்றார். அவர் சிநேகிதர் ஒருவர் எண்ணெயைத் தொடாதே என்றார். இன்னொருவர் வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு என்றார். மீதியைப் போனில் வீடியோக்கள் சொல்லின. ஒன்றைப் பார்த்தால் அது இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இதில் எது சரி என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தேன். உப்பு நின்றது, எண்ணெய் நின்றது, சாதம் நின்றது, ராத்திரிச் சாப்பாடே நின்றது. தினமும் ஒரு பூசணிக்காயாக வாங்கினேன். அதற்குத் தெருமுனைக் காய்கறிக்காரர் முனிரத்தினம், "இன்னா சாமி, தெனம் ஒரு பூசணிக்கா தூக்கிக்கினு போற, எத்தினி ஊடு கட்ற" என்று நாலு பேர் எதிரே கேட்டுவிட்டார். திருஷ்டிக்குக் கட்டத்தான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதற்கப்புறம் எங்கள் ஆத்துக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாகத் தெருவில் பேச்சு.

பிரசாதத்தில்தான் எனக்குத் தர்மசங்கடம். அடுத்த ஆத்து மாமா கோயிலிலிருந்து வரும்போது புளியோதரையும் பொங்கலுமாகக் கொண்டுவந்து தருவார். வேண்டாமென்றால் அபசாரம், சாப்பிட்டால் பயம். கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பின்பக்கமாகப் போய்ப் பசுமாட்டுக்குக் கொடுத்துவந்தேன். அந்த மாடு ருசி கண்டுபோய், வாசல் பக்கமாகவே வந்து நிற்க ஆரம்பித்தது. மாமா பிரசாதத்தோடு தெருவில் திரும்பினாலே பின்னால் மாடும் வரும். மாமாவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. இப்போதெல்லாம் மாட்டுக்கு நேராகவே கொடுத்துவிட்டுப் போகிறார்.

அந்தச் சமயத்தில் மாதவியின் மாமனாரும் மாமியாரும் சாப்பிட வந்தார்கள். நான் உப்பு ஜாடியை ஏற்கெனவே தூக்கி எறிந்திருந்தேன். பெருந்தேவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடைக்குப் போய் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். போனேன். கடைக்காரர் எடுத்தும் வைத்தார். அதைப் பார்த்ததும், சம்பந்தி கனத்த சரீரம், இதை நம் கையால் அவருக்குக் கொடுப்பதா என்று தோன்றிவிட்டது. உப்புக்குப் பதில் எலுமிச்சம்பழம் போதும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகத்தில், அதில் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த ஆத்தில் கேட்கலாமென்றால் அவர்கள் ஊரில் இல்லை, இலையும் போட்டாயிற்று. சம்பந்தி சாத்துமுதை ஒரு வாய் உறிஞ்சினார், ரொம்ப லேசாக இருக்கிறது என்றார், ஊறுகாய் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். ஊறுகாயை நான் போன வாரமே முனிரத்தினத்துக்குக் கொடுத்திருந்தேன். அவர்கள் புறப்பட்டுப் போனபின் பெருந்தேவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேச்சையே நிறுத்திவிட்டாள்.

இப்படி இருக்கையில் போன சனிக்கிழமை, பூசணிச் சாற்றை மட்டும் குடித்துவிட்டு, சுரேஷ்பாபுவோடு அலிபிரி வழியாக மலை ஏறப் புறப்பட்டேன். அரைமணி நடந்தால் அழுத்தம் குறையும் என்றால் ஏழு மலை ஏறினால் இருக்கிற இடமே தெரியாது என்று எனக்குக் கணக்கு. அவர் முன்னால் போய்விட்டார். எனக்குக் கொஞ்ச தூரத்தில் கால் பஞ்சானது, கண் இருட்டியது, உட்காரலாமென்று குனிந்தவன் படியில் குப்புற விழுந்தேன். நினைவு இருக்கிறது, பேச்சுதான் வரவில்லை. நெற்றியில் திருமண், பஞ்சகச்சம், இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி கிடக்கிறேன், பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும். சுற்றி நின்று கோவிந்தா, கோவிந்தா என்று கோஷம் போட்டார்கள். ஆரணிப் பக்கத்து அம்மா ஒருத்தி ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறி வந்தவள், என் படிக்கு வந்ததும் நின்றாள். அவள் புருஷன் என்னைத் தொட்டுப் பார்க்க வந்தான். "சாமிக்கு இன்னா வேண்டுதலோ, எழுப்பாத" என்று அவனைத் தடுத்துவிட்டு, என் புறங்கையில் மஞ்சளைத் தடவிக் குங்குமம் வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விட்டாள். அத்திம்பேர், அந்தப் படியில் கிடந்தபோது எனக்குத் தகப்பனாரின் ஊஞ்சல்தான் கண்ணுக்குள் வந்தது. ஆவணி வரைக்கும்கூட இல்லை போலிருக்கிறதே என்று நினைத்தேன். பெருந்தேவியிடம் சொல்லிக்கொண்டுகூட வரவில்லையே என்றும் நினைத்தேன்.

பின்னால் ஆளைக் காணோமே என்று சுரேஷ்பாபு திரும்பி வந்து, கூட்டத்தை விலக்கி, இளநீர் வாங்கிக் கொடுத்து, மெதுவாகக் கீழே இறக்கி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு அந்த டாக்டரிடமே சேர்த்தார். பெருந்தேவியும் வந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, அழுத்தம் ரொம்பக் கீழே போய்விட்டது, உடம்பில் உப்பும் இல்லை, சத்தும் இல்லை என்றாள். நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அங்கிள், நான் ஊறுகாயைக் கொறைக்கச் சொன்னேன். சாப்பாட்டையே நிறுத்தச் சொன்னேனா?" என்றாள். உன் மனசில் மறைத்து வைத்திருப்பதைச் சொல்லிவிடம்மா என்று கெஞ்சினேன். மறைக்க ஒன்றும் இல்லை, சொன்னது அவ்வளவுதான், அதைச் செய்தாலே போதும் என்றாள். வந்ததற்குப் பெருந்தேவிக்கும் பார்த்தாள். இவள் கீரையும் காயுமாகச் சாப்பிட்டுக்கொண்டு, சாயங்காலம் மாடவீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்பதரைக்குப் படுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுத்தம் அழகாக இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில்தான் என்னோடு பேசினாள். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கப்பா போன வயசு வரப்போறதுன்னு எனக்கும் தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காக இப்பவே சாப்பிடறத நிறுத்திட்டேள்னா, நான் ஒண்டியா உக்காந்து சாப்பிடணும். ஒரு மாசமா அப்படித்தான் சாப்பிடறேன்." அன்று மத்தியானம் இரண்டு தட்டு வைத்தாள். கொஞ்சம் சாதம், அதைவிட ஜாஸ்தி அவரைக்காய்க் கறமது, கீரை, மோர். எல்லாவற்றிலும் உப்பு இருந்தது, ஆனால் முன்னைவிடக் கம்மி. பாதி சாப்பிடும்போது மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். கறமதில் மிளகாயே கிடையாது.

ஆகையால் அத்திம்பேர், நான் வைகாசியில் சொன்னது மொத்தமும் ரத்து. அந்தப் பெண் டாக்டர் சொன்னதே போதும், அதுவும் உங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. தலை சுற்றினால் படி ஏற வேண்டாம். அக்காவுக்கு என் நமஸ்காரம். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் ஆரோக்கியத்துக்காகக் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியில் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அடியேன்,
தோதாத்ரி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் சமயம் பெருந்தேவி வந்து, யாருக்கு இத்தனை பெரிய கடிதம் என்று வாங்கிப் படித்துவிட்டு, நான் தடுப்பதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். அக்கா சிரித்த சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது. நீங்கள் நான் சொன்ன எதையும் ஒரு வேளைகூடச் செய்யவில்லையாம். புதிதாகக் கட்டிய பல்செட் ஈறில் குத்துகிறதாம், அதனால்தான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களாம், நேற்றுச் சரிசெய்துகொண்டு வந்து அடை சாப்பிட்டீர்களாம். ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி அவசியமே இல்லை. கிழித்துப் போடப் போனேன். பெருந்தேவி விடவில்லை. பெரிய தபால் ஆபீஸுக்குப் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள், போக வர அரைமணி ஆகும், இன்றைக்கு நீங்கள் இன்னும் நடக்கவில்லை என்கிறாள். தானும் வருகிறாளாம், செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.