என் நாற்காலிக்காக நான்கு சப்வூஃபர்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், மகள் மூவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். ஜன்னல் கண்ணாடிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் சின்னவளும் நலமாக, முக்கியமாக அமைதியாக, இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். உன் பெயர் போனில் தெரிந்தாலே உன் அத்தான் எந்த மூலையில் இருந்தாலும் வந்து, "மாப்ளயா? குடு குடு, சப்வூஃபருக்கு டிலே எவ்வளவு வைக்கணும்னு கேட்டுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். நாற்பது நிமிடம் கழித்துப் போன் திரும்பி வரும், சூடாக வரும். ஆகவே காகிதம். சத்தம் எழுப்பாத பொருள் எதையும் இப்போது அவர் எடுத்துப் பார்ப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ தியேட்டர்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பவன். ஐநூறு பேர் உட்காரும் இடத்துக்கான யோசனையைப் பத்தடிக்குப் பதினோரடி உள்ள எங்கள் முன்னறைக்குச் சொல்லுமுன் நீ ஒரு மூச்சு விட்டிருக்கலாம். அந்த அறையில் ஒரு சோபா, ஒரு புத்தக அலமாரி, ஜன்னலோரம் என் மேசை, அதன் முன் என் நாற்காலி. இரண்டாமாண்டு மாணவர்களுக்கான புள்ளியியல் பாடநூலை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பதினான்கு அத்தியாயத்தில் பதினொன்று முடிந்தது. மீதி மூன்றும் இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டுவிட்டேன். மூன்றாம் முறை கேட்டால் புத்தகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க நேரிடும் என்று பதிப்பாசிரியர் மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார். அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது.

கனத்த ஒலியை மட்டும் எழுப்பும் அந்தப் பெட்டி, முதல் சப்வூஃபர், வந்தபோது நான் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் அத்தான் லிஃப்ட் பரிசோதனை வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவார், சோபாவில் உட்காருவார், ஒரே படத்தின் ஒரே காட்சியைப் போடுவார். ஒரு பாலம் இடியும் காட்சி. "நெஞ்சுல வந்து மோதுது பாரு!" என்பார். என் நாற்காலியில் எதுவும் வந்து மோதவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாயைச் சுருட்டுவது போல இருந்தது. காது போய்விட்டதோ என்று டாக்டரிடம்கூடக் காட்டினேன். காது நன்றாக இருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நாற்பது ஹெர்ட்ஸ் போன்ற கனத்த ஒலியின் அலை மிக நீளமானது. சின்ன அறையில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது சில இடங்களில் இரு மடங்காகக் குவிகிறது, சில இடங்களில் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. என் நாற்காலி அப்படி அழிந்துபோகும் இடத்தில் இருந்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று மாதத்தில் ஐந்து அத்தியாயம் எழுதினேன். அவர் பாலத்தை இடிக்க, நான் சராசரியை விளக்க, இருபத்திரண்டு வருஷ மணவாழ்க்கையில் அவ்வளவு இணக்கமாக நாங்கள் ஒரே அறையில் இருந்ததில்லை. பார்த்தவர்கள் அன்பு என்று நினைத்திருப்பார்கள். இயற்பியல்.

அப்புறம் ஒருநாள் என் மேசைவிளக்கின் பல்பை மாற்ற வந்தவர், பாலம் பாதி இடிந்துகொண்டிருக்கும்போது என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன இது, இங்க ஒண்ணுமே வரலையே! உனக்கு இங்க கேக்குதா?"

"இல்லங்க."

"எத்தன நாளா?"

"வாங்கின நாள்லேர்ந்து."

"மூணு மாசமாவா? வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லலையே நீ! நான் பாட்டுக்கு அங்க உக்காந்து அனுபவிச்சிட்டிருக்கேன். நீ எப்பவுமே இப்படித்தான், உனக்குன்னு எதையும் கேக்க மாட்ட."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தம்பி. குழந்தைக்குச் சோறு போட மறந்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிட்டவர் போல நின்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், உங்களுக்குப் பிரியமான சத்தம் எட்டாத இடத்தில் இருந்ததுதான் எனக்குச் சுகம் என்று எந்த வாயால் சொல்வது? "பரவால்லங்க" என்றேன். அவர் உடனே உன்னைக் கூப்பிட்டார். நீ போன் ஸ்பீக்கரில் சொன்னது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "ஒண்ணுன்னா அப்படித்தான் அத்தான். ரெண்டு வைங்க, எல்லா இடத்துலயும் சமமா கேக்கும். நாலு வெச்சா ராஜா மாதிரி." ராணியை நீ யோசிக்கவில்லை.

இரண்டாவது வந்தது. இடம் கண்டுபிடிக்க நீ ஒரு வழி சொல்லிக்கொடுத்தாயே, கேட்பவர் உட்காரும் இடத்தில் பெட்டியை வை, பெட்டியை வைக்க நினைக்கும் இடங்களில் எல்லாம் நீ தவழ்ந்து போய்க் கேள், எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டி என்று, அதை உன் அத்தான் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். என் நாற்காலியில் சப்வூஃபர் ஜம்மென்று உட்கார்ந்திருக்க, ஐம்பத்து நான்கு வயது மனிதர், முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொள்கிறவர், சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டிருக்கிறார். நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். "கொஞ்சம் இரு, உனக்காகத்தான் இவ்வளவும்" என்று அலமாரிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுப் பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் மேலே வந்தார்.

"மேடம், நான் இன்னும் மெஷினையே எடுக்கல. பேஷண்ட் நாற்காலியில உக்காந்த உடனே வலிக்குது வலிக்குதுன்னு கத்தறாரு. நாற்காலி அதிருது மேடம்." அப்போதுதான் கீழே பார்த்தார். "சார் எதையாவது தொலைச்சிட்டாரா?"

"ஆமா, நாப்பது ஹெர்ட்ஸை" என்றாள் என் மகள்.

கடைசியில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று என்று வைத்து, இரண்டையும் சேர்த்துப் போட்டார். பாலம் சத்தமே இல்லாமல் இடிந்தது. அந்த அமைதியில் எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் மாங்கு மாங்கென்று உழைத்து ஒன்றையொன்று இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தன. "ரெண்டும் சேந்து சும்மா இருக்கறதுக்கு, ஒண்ணுமே வாங்காம சும்மா இருந்திருக்கலாமேப்பா" என்றாள் மகள். எனக்கு அது மிக நல்ல ஏற்பாடாகவே பட்டது. ஆனால் நீ போனில் பின்பக்கத்துச் சின்ன சுவிட்சைத் திருப்பச் சொன்னாய். திருப்பினார். அலமாரியிலிருந்து அகராதி விழுந்தது. பல் டாக்டர் வந்தார்.

மூன்றாவதையும் நான்காவதையும் பற்றி விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. நான்காவது நிற்க வேண்டிய இடத்தில் என் மேசை இருந்ததால் மேசை படுக்கையறைக்குப் போய்க் கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கையெழுத்துப்படியை நான்காவது சப்வூஃபரின் மேல் வைத்து எழுதுகிறேன். அவர் பாலத்தை இடிக்கும்போதெல்லாம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முதல் நூற்று நாற்பதாம் பக்கம் வரை தாமாகவே நகர்ந்து போய்க் கீழே குதிக்கின்றன. தேநீர்க் கோப்பைக்குள் வட்டம் வட்டமாக அலை எழுகிறது, அவர் சோபாவிலிருந்து இந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டுகிறார். "அந்தப் பாலத்தைக் கட்டி முடிக்கவே விட மாட்டீங்களாப்பா?" என்று மகள் கேட்கிறாள்.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. எல்லாம் வைத்தபின் ஒரு மைக்கை என் நாற்காலியில், என் காது உயரத்துக்கு, தலையணையின் மேல் நிறுத்தி அளந்தார். தலையணைக்கு என் பழைய மூக்குக்கண்ணாடியைக்கூட மாட்டியிருந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார், எல்லோரையும் மூச்சை அடக்கச் சொன்னார், ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு, "முடிஞ்சது, பிரமாதம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருபத்தைந்து வருஷமாகப் பாடம் நடத்தும் பழக்கம் விடவில்லை. "ஒரே ஒரு அளவை வெச்சு எப்படிங்க முடிவுக்கு வர்றது? ஒன்பது இடத்துலயாவது எடுத்துச் சராசரி பாக்கணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. நாற்காலியைச் சுற்றி ஒன்பது இடம். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு திருத்தம். ஒரு வாரம். முடிவில், என் நாற்காலியில் ஒலிக்குப் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. அறையிலேயே மிகத் தெளிவாகப் பாலம் இடிவது இப்போது என் மடியில்தான்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. ஐந்து வாரத்தில் நான் எழுதியது நான்கு பக்கம். சமையலறையில் எழுதிப் பார்த்தேன், பாத்திர மூடிகள் பேசுகின்றன. மேசை போன படுக்கையறையில் நுழைவதற்கே வயிற்றை உள்ளிழுக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி ஆசிரியர் அறையில் எழுதலாம் என்றால் அங்கே சப்வூஃபர் இல்லையே தவிர சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒவ்வொரு தடவையும் அவர் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்ப நல்லா கேக்குதில்ல?" என்கிறார். "ம், நல்லா கேக்குதுங்க" என்கிறேன். அது பொய்யும் இல்லை.

ஆகவே உன்னிடம் ஒரே ஒரு உதவி. நான் சொன்னால் அவர் மனம் நோகும். நீ சொன்னால் அது தொழில்நுட்பம். ஏதோ புது ஆராய்ச்சி வந்திருக்கிறது, சின்ன அறைக்கு ஒன்று போதும், நான்கு வைத்தால் பெட்டிகளின் ஆயுளுக்கே கெடுதல் என்று உனக்குத் தோன்றியபடி சொல். முதல் பெட்டி மட்டும் முதலில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பதை மறக்காமல் சேர்த்துச் சொல். வாழ்நாளில் யாரையும் பொய் சொல்லத் தூண்டாதவள் நான். மூன்று அத்தியாயம் பாக்கி இருக்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. சின்னவள் நன்றாகப் படித்து, நிம்மதியான தொழில் ஏதாவது செய்து, நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும். உன் காதுகளை நீயும் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உறையைத் தேடிக்கொண்டிருந்தேன். உன் அத்தான் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மகள் ஏதோ ஒரு பாட்டை அந்தப் பெட்டிகளில் போட்டாள். கால் வலித்ததால் சோபாவில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், உட்கார்ந்தேன். தம்பி, அங்கே அந்தக் கனத்த ஒலி ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்து நின்றால் கேட்கிறது, உட்கார்ந்தால் இல்லை. மகளையும் உட்காரவைத்துப் பார்த்தேன், அவளுக்கும் இல்லை. எல்லா அளவையும் என் நாற்காலியைச் சுற்றியே எடுத்திருக்கிறோம். சோபாவில் ஓர் அளவுகூட எடுக்கவில்லை. முதலாமாண்டு மாணவன் இப்படி ஒரே இடத்தில் மாதிரிகள் எடுத்திருந்தால் நான் பூஜ்யம் போட்டிருப்பேன். ஐந்து வாரமாக அந்த மனிதர் தன் பாலம் இடிவதைக் கேட்காமலே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன வாரம் நான் அந்த இடத்தில் உட்காரப் போனபோது, "அங்க வேணாம்மா, ஸ்பிரிங் குத்தும்" என்று தடுத்தார். அந்தச் சோபாவில் ஸ்பிரிங்கே கிடையாது. வெறும் ஃபோம். அவர் சரியான நேரத்தில் தலையாட்டுவது என் தேநீர்க் கோப்பையில் எழும் அலையைப் பார்த்துத்தான் போலிருக்கிறது.

ஆகவே மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்லாதே. சோபாவில் ஒன்பது இடத்தில் நானே அளந்து, அட்டவணை இணைத்திருக்கிறேன். நான்கையும் திருத்தினாலே அங்கே கேட்டுவிடுமா, இல்லை ஐந்தாவது ஒன்று வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே வைப்பது என்று என் பெயருக்கு எழுது. அடுத்த மாதம் முதல் தேதிக்கு மேல் எழுதினால் போதும், அவசரமில்லை. அதுவரை அவரை என் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, கையெழுத்துப்படியோடு நான் சோபாவுக்கு மாறப்போகிறேன். ஸ்பிரிங் குத்தும் என்பார். பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.