பஞ்சடைத்த சங்கு

ஆஸ்பத்திரி உதவியாளர் செபநாயகம் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சாமியார் சங்கைக் காதில் வைத்துப் பேய்களோடு கதைப்பதைக் கண்டு, தேத்தண்ணிக் கடையில், "எங்கடை போனைவிட உந்தச் சங்கிலை லைன் கிளியர்" என்று பகிடி விட்டார். விடிவதற்குள் அது, ஆஸ்பத்திரியே சங்கை ஒப்புக்கொண்டுவிட்டதாக ஊர் சுற்றியது. சாவகச்சேரியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்துச் சனம் வந்தது. சேவலும் தேங்காயும் குவிந்தன. சாமியார் நோயாளியிடம் ஒன்றும் கேட்கமாட்டார். அதுதான் அவருடைய பெருமை. ஆஸ்பத்திரிக்கு வெளியே நோயாளிகள், உள்ளே ஈக்கள்.

ஒருநாள் கடற்றொழிலாளி முத்துக்குமாரு, மனைவி பத்மாசினியை வண்டியில் கொண்டுவந்தார். பிள்ளை பெற்றதிலிருந்து கண்மூடாதவள், அது தன் பிள்ளையில்லை என்று கிணற்றடிக்குத் தூக்கிப் போயிருந்தாள். வண்டி ஆஸ்பத்திரிக்குள் திரும்பாமல் சாமியாரிடம் நின்றது. ஏனென்று கேட்ட செபநாயகத்திடம் முத்துக்குமாரு சொன்னார்:

"ஆஸ்பத்திரி ஆக்களே சொல்லீனம் அண்ணை, சங்குதான் நல்லதெண்டு."

அந்த ஆஸ்பத்திரி ஆள் தானேதான் என்பது செபநாயகத்துக்குச் சுருக்கென்றது. "வாசலெல்லாம் கிருமி சாமி, துடைச்சுத் தாறன்" என்று சங்கைப் பவ்வியமாக வாங்கிப்போய்த் துடைத்தார். காயத்துக்கு வைக்கும் பஞ்சையும் உள்ளே இறுக்க அடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

சாமியாருக்கு அப்போதும் நன்றாகவே கேட்டது. "முனி கதைக்கிறான். கறுத்தச் சேவல் வேணுமாம். உவளை நித்திரை கொள்ள விடாதேங்கோ, அடிச்சாத்தான் போவான்."

செபநாயகம் சங்குக்குள் விரலை விட்டு இழுத்தார். பஞ்சு வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"முனி மெத்தையிலை படுத்துக்கொண்டே கதைச்சவர் சாமி?"

சனம் சிரித்தது. சாமியார் சேவல்களையும் மறந்து பஸ்ஸைத் தேடினார். முத்துக்குமாரு வண்டியை உள்ளே திருப்பினார்.

ஆஸ்பத்திரி டொக்டர் ஐரிஸ், கொழும்பிலிருந்த மனநோய் டொக்டருக்கு ட்ரங்க் கோல் எடுப்பித்தார். திமிறிய பத்மாசினியின் கையை விடமுடியாமல் போனைச் செபநாயகத்திடம் நீட்டினார். ஒரே இரைச்சல். இப்போது அவரே சங்கு. மறுமுனையிலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி: நித்திரை உண்டா, காய்ச்சல் உண்டா, முன்பு இப்படி வந்ததா, பிள்ளை இப்போது யார் கையில்? முத்துக்குமாரு சொல்லச் சொல்ல இவர் கத்தினார். சங்குக் கதையும் கூடவே போயிற்று. பிறகு மருந்தின் பெயரும் அளவும் வந்தன. ஐரிஸ் ஊசி போட்டார்.

முத்துக்குமாரு வந்ததிலிருந்து எல்லாரையும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் "பாப்பம்" என்றார்கள். செபநாயகம் போனை வைக்காமல் கொழும்பு டொக்டரிடமே கேட்டார்.

"ஐயா, இந்தப் பொம்பிளை தேறுவாவோ?"

"ஓம், தேறுவா. கொஞ்ச நாள் செல்லும். பேயில்லை, மருந்துக்கு மாறுற வருத்தம். அது சரி, கேள்வியே கேக்காத ஒருத்தனிட்டை ஏன் பதில் தேடிப் போனனீங்கள்?"