மூக்கும் நானும் நலம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் என் மூக்கும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அவரவர் மூக்கோடு சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் மகன் வீடு மாறிய அன்று, சாமான் இறக்கும்போது நீ எல்லார் முன்னாலும், "அண்ணே, மூக்குல அந்தப் புண்ணு ஆறவே மாட்டேங்குதே, டாக்டர்ட்ட காட்டு" என்றாய். ஷேவ் பண்ணும்போது பட்டது என்றேன். "மூக்குல யாருண்ணே ஷேவ் பண்ணுவா?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கோபத்தில் இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. புண் மட்டும் என்னோடு பேசிக்கொண்டே இருந்தது. துண்டு பட்டாலே ரத்தம்.

கடைசியில் போனேன். தோல் டாக்டரம்மா கடுகளவு கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து, "புற்றுநோய்தான் சார். ஆனா மேல்தோலோட நிக்குது. கத்தி வேண்டாம், களிம்பு போதும்" என்றார். முதல் சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மீதியை உன் அண்ணிதான் கேட்டு எழுதிக்கொண்டாள். முப்பது வருஷம் சர்வேயராக வெயிலில் நின்று ஊரார் எல்லைத் தகராறெல்லாம் தீர்த்தவன், என் மூக்கிலேயே ஒருத்தன் வேலி தாண்டி வந்ததைக் கவனிக்கவில்லை.

வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், படுக்கும் முன் தடவிக் காலையில் கழுவ வேண்டும். மருந்து சின்னப் பாக்கெட்டில் வரும். "என் மூக்கை நானே பாத்துக்குறேன்" என்று அண்ணியை விரட்டினேன். அங்கேதான் வினை. மூக்கில் தடவக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்; கழற்றினால் எந்தப் பாக்கெட் என்று தெரியாது. காலையில் கழுவினால் நுரை நுரையாக வந்தது. நோய் வெளியேறுகிறது என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். ஆறாம் நாள் குளியலறையிலிருந்து உன் அண்ணி குரல்: "ஷாம்பு பாக்கெட்டெல்லாம் எங்கங்க போச்சு?"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவாயில்ல சார், மூக்கு சுத்தமா இருக்கும். இன்னைக்கு முதல் நாள்னு வச்சுக்கங்க" என்றார்.

அன்றிலிருந்து அண்ணிதான் தடவினாள். "ஆடாதீங்க." "ஆடலையே." "பேசாதீங்க, பேசினா மூக்கு ஆடுது." மூன்றாம் வாரம் மூக்கு தக்காளியாகச் சிவந்தது, நாலாம் வாரம் பொருக்குத் தட்டி நீர் வடிந்தது, பார்க்க மோசமானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம், அது ஊருக்குத் தெரியுமா, மாடிவீட்டுக்காரர் என்னைத் தனியே இழுத்து, "வீட்ல அடி ஜாஸ்தியா சார்?" என்று கேட்டேவிட்டார். அதைச் சொன்னதும் உன் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். "விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு இருந்துச்சுங்க" என்றாள். மருந்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தவன், கண்ணாடியைக் கழற்றி மூக்கை நீட்டினேன்.

நேற்று மறுபரிசோதனை. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து, "போயிடுச்சு சார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டுங்க, தொப்பி போடுங்க" என்றார். நான் சுவர்க் கண்ணாடியில் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணிதான் எனக்கும் சேர்த்து நன்றி சொன்னாள்.

உனக்கு நானேதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ என் மானத்தை வாங்கினாய் என்று கொதித்தேன். போன மானம் எப்படியும் திரும்பி வந்துவிடும் தங்கச்சி, மூக்கு வருமா? நீ சொன்னதால்தான் போனேன். இனி நீ எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு இல்லாமல் கேட்பேன். இது சத்தியம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உனக்கு இரண்டும்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் போன் வந்தது. நீ நாலு தடவை கத்தியும் எனக்கு விளங்கவில்லையாம், உடனே காது டாக்டரிடம் போக வேண்டும் என்கிறாய். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. நீதான் முணுமுணுக்கிறாய். உன் வேலையைப் பார்.