ஒரே ஒரு ரெப்போ சேர்த்தால் போதும் என்கிறவர்

அத்திம்பேர் நாகேஸ்வரன் போய்விட்டார் என்ற செய்தி ஸ்ரீவராகத்தில் என் வீட்டுக்கு வந்தது காலை ஆறே முக்காலுக்கு. நான் வலியசாலையில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஹரிகுமார் எனக்கு முன்பே வந்து வைஃபை பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

யாரும் கூப்பிடாமல் அடுத்தவர் கணினியைச் சரிசெய்ய உட்காருகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். ஹரிகுமார் அத்திம்பேரின் அண்ணா பிள்ளை. நான் 'அவன்' என்றே எழுதலாம். ஆனால் இந்த இனத்துக்கு மரியாதை முக்கியம். கழக்கூட்டத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் "சாஃப்ட்வேர் சைடு" என்பார். விண்டோஸ் வைத்திருப்பவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். லினக்ஸ் வைத்திருப்பவரைப் பார்த்து அதைவிடப் பெரிதாகச் சிரிப்பார், ஏனென்றால் அது பழைய பதிப்பு. பிழைச் செய்தியை முழுக்கப் படிக்கமாட்டார். அதன் முதல் வரியை நகலெடுத்து இணையத்தில் போடுவார், முதலில் அகப்படும் பதிலைக் கறுப்புத் திரையில் ஒட்டுவார், என்டர் தட்டுவார், தட்டிய பிறகு கேட்பார்: "இது எந்த வெர்ஷன்?"

லினக்ஸில் ஒவ்வொரு பதிப்புக்கும் மென்பொருள் எடுக்கத் தனிக் களஞ்சியம் உண்டு. அதைத்தான் ரெப்போ என்பார்கள். ஒரு பதிப்பின் ரெப்போவை இன்னொன்றில் கலந்தால், வேறு வேறு ரயிலுக்கு ரிசர்வேஷன் செய்த இரண்டு பேர் ஒரே இருக்கைக்கு டிக்கெட்டை நீட்டுகிற கதைதான். இருவர் டிக்கெட்டும் உண்மையானது. ரயில்தான் தப்பு. நம்மவர் என்ன செய்வார்? இன்னொரு பெட்டியை இணைப்பார்.

அன்று ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பியபோது பிற்பகல் இரண்டு. மறுநாள் பேப்பரில் சரமப் பக்கத்தில், அதாவது இறந்தவர்களின் அறிவிப்புப் பக்கத்தில், அத்திம்பேரின் படம் வரவேண்டும். ஏஜெண்ட் திரவியம் ஐந்து மணிவரை அவகாசம் தந்திருந்தார். கேமராவைக் கண்டால் முறைக்கிற மனிதர் அத்திம்பேர். அவர் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று உண்டு. சங்குமுகம் கடற்கரையில் மகள் ராஜஸ்ரீ எடுத்தது. அவருடைய கணினியில் மட்டும் இருந்தது. அக்கா சூடாமணி அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்: "சிரிக்கற படம் போடுங்கோ."

ராஜஸ்ரீ படத்தைத் திறந்தாள். பக்கத்தில் யாரோ ஒருவர் பாதி தெரிந்தார். "இதை வெட்டணுமே" என்று சொல்லிவிட்டாள். அது போதாதா?

"இதுல நல்ல எடிட்டர் இல்லையே" என்று ஹரிகுமார் நாற்காலியை இழுத்தார்.

"வேண்டாம் ஹரி அண்ணா, பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்துடறேன். பேப்பர்காராளே வெட்டிப்பா."

"அவா வெட்டினா காதும் சேர்ந்து போகும். ஒரே ஒரு ரெப்போ சேர்த்தா மதி, ரெண்டு மினிட்."

"ஏண்டா, உங்க சித்தப்பா அதை யாரையும் தொட விடமாட்டாரே" என்றாள் அக்கா.

"அதான் சித்தி, பழைய டெபியன். இத்தனை நாள் எப்படி ஓடித்துன்னே தெரியல்ல."

எனக்குத் தெரியும். ஹரிகுமார் தொடாததால் ஓடிற்று.

டெபியன் என்கிற லினக்ஸில் உபுண்டு என்கிற வேறொரு லினக்ஸின் ரெப்போ ஏறியது. எடிட்டருக்குத் துணையாகப் புதிய லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பு வேண்டும், அது கிடைக்காது என்றது கணினி. அந்த லைப்ரரிக்காக இன்னொரு ரெப்போ. அது வந்ததும் ஏற்கெனவே இருந்த மென்பொருள் பேக்கேஜுகள் எல்லாம் எங்களுக்கு இது ஆகாது என்று எழுந்து நின்றன. கடைசியில் கணினி மிகப் பணிவாக, இன்னின்னவற்றை நீக்கப்போகிறேன், தொடரலாமா என்று கேட்டது. பட்டியலில், திரையில் ஜன்னலும் படமும் காட்டுகிற மென்பொருள் மொத்தமும் இருந்தது. படித்திருந்தால் ஒரு குழந்தைகூட வேண்டாம் என்றிருக்கும். ஹரிகுமார் 'ஆம்' தட்டினார்.

திரை இருண்டது. மூலையில் ஒரு கோடு மட்டும் துடித்தது.

"பேடிக்கண்டா சித்தி, பயப்பட ஒண்ணுமில்லை, டேட்டா ஒண்ணும் போகல்ல."

ஐந்து மணிக்குத் திரவியம் போன் செய்தார். "அக்கா, படம் வரலையே. பேஜை மூடிருவாங்க."

ஆதார் அட்டையிலிருந்த படத்தை அனுப்பினோம். மறுநாள் பேப்பரை விரித்து அக்கா வெகுநேரம் பார்த்தாள். "யாரோ மாதிரின்னா இருக்கார்" என்றாள். ஹரிகுமார் சொன்னார்: "மிஸ்டேக் சித்தப்பாவோடதாக்கும். அப்பப்போ அப்டேட் பண்ணியிருக்கணும்." செத்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்பது இந்த இனத்துக்கு எத்தனை வசதி!

இதற்கான வைத்தியத்தில் சாகசம் ஒன்றும் கிடையாது. வெளியிலிருந்து சேர்த்த அந்நிய ரெப்போக்களை நீக்கவேண்டும். சொந்தப் பதிப்பின் பட்டியலைப் புதுப்பிக்கவேண்டும். புதிய பதிப்புக்கு ஏறிப்போன பேக்கேஜுகளை ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புக்கு இறக்கிக் கொண்டுவரவேண்டும். கூடி நின்று பார்க்க ஆளிருக்காது. அதனால்தான் ஹரிகுமார்கள் இதைச் செய்வதில்லை.

கணினியே தொடாதவர் என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ள வேண்டாம். மச்சினனுக்குக் குணம் தந்த மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதில்லையா? உங்கள் பிள்ளைக்குப் பலித்த யோசனையை அடுத்தவர் பிள்ளையின் தலையில் ஏற்றியதில்லையா? கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று யாராவது மெல்லச் சொன்னார்களா என்றும்.

அத்திம்பேரின் கணினியை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திரை திரும்பிவிட்டது. அவர் சிரிக்கிறார். ஒலிக்கான பேக்கேஜ் மட்டும் இன்னும் பழைய பதிப்புக்கு இறங்கவில்லை, கணினி ஊமையாகவே இருக்கிறது.