ஐந்து சாப்பும் ஒரு தாய்மாமனும்

என் அக்கா மகளின் வாழ்க்கையில் ஒரு முழு வருடத்தை வீணாக்கியவன் நான். நானே முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டால் எங்கள் வீட்டு ஆட்கள் உங்களைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்போது நான் லுக்குட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் உட்கார்ந்து லீவு பாரம், கிளினிக் துண்டுச்சீட்டு, வருகைப் பட்டியல் எல்லாவற்றிலும் சாப்பு குத்துவதுதான் வேலை. (ரப்பர் முத்திரைக்கு எங்கள் ஊரில் சாப்பு என்று பெயர். சாப்பு இல்லாத காகிதம் வடை மடிக்கத்தான் ஆகும்.) மேசையில் மூன்று சாப்பு இருந்ததால் என்னை நானே பாதி மேனேஜராக நினைத்துக்கொண்டிருந்தேன். மீசை இருந்த அளவுக்கு மூளை இல்லை.

அக்கா மகள் ஷாமினிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. படிப்பு தொடங்கும் முன் அந்த நாட்டிலேயே அங்கீகாரம் பெற்ற மொழிப்பள்ளியில் ஆங்கிலப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். அப்பா இல்லாத பெண். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை செய்து அவளை வளர்த்தவள் என் அக்கா. அதனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தாய்மாமனான என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே தலையை நீட்டினேன்.

ஷாமினி இரண்டு பள்ளிகளின் கடிதங்களோடு வந்தாள். ஒன்று வெறும் வெள்ளைத் தாள். மற்றதில் தங்கக் கரை, சிவப்பு ரிப்பன், ஐந்து சாப்பு.

"மாமா, இந்த வெள்ளக் கடிதாசில ஒரு நம்பர் குடுத்துருக்காங்க. அத இணையத்துல போட்டா இவங்களுக்கு அங்கீகாரம் இருக்கா இல்லையான்னு பாக்கலாமாம்."

"நம்பரா? நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலா நடத்துறாங்க? ஒரு சாப்புகூட இல்லாதவன் என்னா பள்ளிக்கூடம் நடத்துவான்? இதப் பாரு, அஞ்சு!"

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்தத் தங்கக் கரைக் கடிதத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, இதுல ஒரு சாப்பு தலகீழா இருக்கே?"

"அக்கா, வெளிநாட்டுல அப்படித்தான்."

(அதுவரை நான் போன வெளிநாடு சிங்கப்பூர். அதுவும் ஒரு நாள்.)

வழியனுப்பு விழா கோயில் மண்டபத்தில் நடந்தது. நான் அடித்த பேனரில் ஷாமினியின் படத்தைவிட என் படம் பெரிது. கடிதத்தை அம்மன் காலடியில் வைத்து, மைக்கைப் பிடித்து, ஐந்து சாப்பையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். சனம் கைதட்டியது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவள் என் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"மாமா, இது பள்ளிக்கூடம் மாதிரியே இல்ல. முடிவெட்டுற கடைக்கு மேல ஒரு ரூம். கதவு தொறந்தவருதான் பிரின்சிபாலு, அவருதான் வாத்தியாரு. டைம்டேபிள் கேட்டா நாளைக்குன்னு சொல்றாரு. அந்த இன்னொரு பள்ளில கேட்டேன், இந்த வாரத்துக்குள்ள வந்தா சேத்துக்குறாங்களாம். மாறிக்கவா மாமா?"

சன்னல் வழியே பார்த்தால் கோயில் வாசலில் என் பேனர் இன்னும் தொங்குகிறது. மாறிக்கோ என்று சொன்னால் அதைக் கழற்ற வேண்டும், அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"வெளிநாட்டுல அப்படித்தான்மா இருக்கும். போகப் போக சரியாயிரும்" என்றேன்.

"சரி மாமா" என்றாள். என் பேச்சைத் தட்டாத பெண். பாவி நான்.

ஒன்றும் சரியாகவில்லை. அந்தப் பள்ளி கொடுத்த சான்றிதழ் செல்லாது என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. பள்ளிக்கு அங்கீகாரம் கொடுத்ததாகச் சாப்பு குத்திய அமைப்பு அதே மாடிப்படியில் பக்கத்துக் கதவாம். நடத்துபவரும் அதே பிரின்சிபால்தான். அதற்குள் மற்ற பள்ளியில் சேர்க்கை முடிந்துபோனது. ஷாமினி பெட்டியோடு திரும்பி வந்தாள்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் காரின் பின்சீட்டில் அவள் அக்காவுக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். "உண்மையான அங்கீகாரம்னா ஆளு நேர்ல வருவாங்களாம்மா. கிளாசுல பின்னால உக்காந்து பாப்பாங்க. வாத்தியாரோட படிப்ப விசாரிப்பாங்க. பிள்ளைங்கள தனியா கூப்ட்டு தங்குற எடம் எப்படின்னு கேப்பாங்க. சரியில்லன்னா பட்டியல்லேருந்து பேர எடுத்துருவாங்க. அத பாக்கத்தான் அந்த நம்பரு."

"நம்ம கொட்டகைக்கு சுகாதாரக்காரன் வந்து சட்டிய தொறந்து பாக்குறானே, அதுமாதிரி" என்றாள் அக்கா. எனக்கு விளங்காதது அவளுக்கு ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது. "ஏன்டி, போன ஒடனே மாறிருக்கலாம்ல?"

"தோணலம்மா. என் தப்புதான்."

முன்சீட்டில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் அவள் லுக்குட் கிளினிக்கில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதும் திறக்கவில்லை. அடுத்த வருடம் அந்த வெள்ளைத் தாள் பள்ளி வழியாகப் போய்ப் படித்துத் தாதியாகிவிட்டாள்.

தலைகீழ்ச் சாப்பு கதை மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. சோறு குழைந்தால், மோட்டார் கிளம்பாவிட்டால், "வெளிநாட்டுல அப்படித்தான்" என்பார்கள். அதிகம் சொல்வது அக்காதான்.

என் கல்யாணப் பதிவுக்கு ஷாமினி லீவு போட்டு வந்திருந்தாள். அதிகாரி பத்திரத்தில் சாப்பு குத்தியதும் அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நேராத்தான் இருக்கு. பொண்ண கூட்டிட்டுப் போலாம்." ஆபீசே சிரித்தது.

வெளியே வந்து ஷாமினியைத் தனியாக அழைத்தேன். "அன்னிக்கு நீ போன்ல கேட்டப்ப மாறிக்கோன்னு சொல்லிருக்கணும். என் மானம் போயிரும்னு பயந்துட்டேன். மன்னிச்சிரும்மா."

அவள் சிரித்தாள். "விடுங்க மாமா. வெளிநாட்டுல அப்படித்தான்."

பின்னால் அக்கா பத்திரத்தோடு நின்றிருந்தாள். "என்னடா போன்?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் காருக்குப் போனாள்.

இன்றும் வீட்டில் எது கெட்டாலும் எல்லாரும் என்னைப் பார்த்து அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள், என் மனைவி உட்பட. அக்கா மட்டும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.