அம்மாவுக்கு மூன்று தட்டு

'அப்பா'வுக்கு இரண்டு தட்டு. சரி. 'புத்தகம்' மூன்று. அதுவும் சரி. 'அம்மா' என்றதும் பாப்பா மறுபடி மூன்று தட்டினாள்.

"அம்...மா. ரெண்டுதானே கண்ணு?" என்றாள் டீச்சர்.

பாப்பா சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு மூன்று தட்டினாள்.

சொல்லைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு கைதட்டல். மழலை வகுப்பில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்து பார்ப்பார். தப்பாகத் தட்டுகிற பிள்ளைக்கு இன்னொரு வருஷம் அதே குட்டி நாற்காலிதான். பாப்பா போன வாரம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளை விட்டுக்கொடுக்க டீச்சருக்கு மனசு வரவில்லை.

செவ்வாயன்று, தட்டுவதற்குப் பதிலாகத் தவளை மாதிரி குதிக்கச் சொன்னாள். மூன்றாவது குதி நேராகப் பெயிண்ட் கிண்ணத்தில். டீச்சர் அன்று பச்சை முகத்தோடு வீட்டுக்குப் போனாள்.

புதனன்று தகர டப்பாவைக் கொடுத்தாள். பாப்பா ஓங்கி மூன்று அடித்தாள். அது கேட்க நன்றாக இருந்ததால் வகுப்பே அவள் கட்சிக்குத் தாவியது. சாயங்காலத்துக்குள் இருபது பிள்ளைகளுக்கும் அம்மா என்றால் மூன்று.

வியாழனன்று, இரண்டாவது தட்டு விழுந்ததும் பாப்பாவின் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள். மற்ற பிள்ளைகள் பிஸ்கட்டுக்காக நாள் முழுக்க அம்மா அம்மா என்று உயிரை வாங்கினார்கள். பாப்பா மட்டும் பிஸ்கட்டை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாக மூன்றாவதைத் தட்டினாள்.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "மூணு தட்டினா அது அம்மாவே இல்ல. ரெண்டுதான்."

அதட்டிய பிறகு அவளுக்கே கஷ்டமாக இருந்தது. பாப்பாவின் உதடு பிதுங்கியது, ஆனால் அழவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 'அம்மா' என்றார். பாப்பா டீச்சரைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை டிக் போட்டுவிட்டுப் போனார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பாப்பாவை வாரியெடுத்து நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். அப்புறம்தான் அவள் அழுவதைக் கவனித்தாள். என்னம்மா என்று கேட்டதற்கு, பள்ளிக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாகப் பாப்பா நீளமாகப் பேசினாள்.

"எங்கம்மாவுக்குக் காது கேக்காது டீச்சர், முதுகுல மூணு தட்டு தட்டித்தான் கூப்பிடுவேன், அன்னைக்கும் மூணு தட்டினேன், எழுந்திரிக்கவே இல்ல, எல்லாரும் வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க... ரெண்டு தட்டியிருந்தா எழுந்திரிச்சிருப்பாங்களா?"